பாணை நிறுத்துவது சுலபம், பிட்டைக் கவனியுங்கள்

வெள்ளவத்தையில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். ஐந்து வயது மகளுக்கு நீண்ட நாளாக வயிறு ஊதல், நிறை ஏறவில்லை, இரத்தச்சோகையும் இருக்கிறது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமாகிற சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை பொசிட்டிவ் என்று வந்திருக்கிறது. நிபுணரைப் பார்க்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. வீட்டில் ஒன்றரை வயது மகனும் மாமியாரும் இருக்கிறார்கள். இன்றைக்கே வீட்டோடு எல்லாரும் குளூட்டனை விட்டுவிடலாமா, பாண் இல்லாமல் பிள்ளைக்கு என்ன கொடுப்பது, சுப்பர்மார்க்கெட்டில் இருக்கிற இறக்குமதிச் சாமான்களைத்தான் வாங்க வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

இன்றைக்கே விடாதீர்கள். பதற்றத்தில் பெற்றோர் முதலில் செய்வது அதைத்தான், பின்னால் சிக்கலாவதும் அதுதான். குளூட்டன் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதுதான் அதனால் உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் இரத்தத்தில் தெரியும், சிறுகுடலின் சேதமும் எண்டொஸ்கொப்பியில் தெரியும். சாப்பாட்டை மாற்றிவிட்டுப் போனால் குடல் ஆறத் தொடங்கிவிடும், நிபுணரால் ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. பிறகு, தேறி வந்த பிள்ளைக்குத் திரும்பவும் வாரக்கணக்கில் பாண் கொடுத்துப் பார்க்க வேண்டி வரும். அதைவிடக் கொடுமை ஒரு தாய்க்கு இல்லை. ஆகவே அந்த இரண்டு வாரமும் வழமையான சாப்பாடே நடக்கட்டும். இரத்தத்தில் பார்க்கிற டிடிஜி ஐஜிஏ என்ற பிறபொருளெதிரியின் அளவு வழமையான உச்ச எல்லையைப் போலப் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாவது தடவை எடுத்த இரத்தத்தில் இஎம்ஏ என்ற பரிசோதனையும் பொசிட்டிவ் ஆனால், பிள்ளைகளுக்கு எண்டொஸ்கொப்பி இல்லாமலே நோயை உறுதிப்படுத்தலாம் என்று ஐரோப்பியச் சிறுவர் குடலியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற எண்ணை நிபுணரிடம் அப்படியே காட்டிக் கேளுங்கள். ஐஜிஏ என்ற அந்தப் பிறபொருளெதிரி வகையின் மொத்த அளவும் பார்த்தார்களா என்று கேளுங்கள். மகளுக்கு அது இப்போது பெரிய விஷயமில்லை, மற்றவர்களுக்குப் பார்க்கும்போது முக்கியம். ஐஜிஏ குறைவாக உள்ள ஒருவருக்கு நோய் இருந்தும் இந்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று காட்டிவிடும்.

மற்றவர்கள் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. உலகளவில் சீலியாக் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு. ஆனால் நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தவர்கள் என்று பார்த்தால் கிட்டத்தட்டப் பத்தில் ஒருவர். வீட்டு அடுப்படி முழுக்க மாறிவிட்டால் சின்னவனும் குளூட்டன் சாப்பிடமாட்டான், அவனுக்கு நோய் இருந்தாலும் பரிசோதனையில் பிடிபடாது. அதனால் வீடு மாறுவதற்கு முன்பே நீங்கள், கணவர், மகன் மூன்று பேருக்கும் இரத்தம் எடுத்துவிடுங்கள். ஒன்றரை வயதில் நெகட்டிவ் என்று வந்தாலும் அது கடைசிப் பதில் இல்லை, சில வருடங்கள் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். அதுவரை அவன் வெளியிலாவது பணிஸோ பிஸ்கட்டோ ஒழுங்காகச் சாப்பிட்டு வர வேண்டும். அம்மம்மா வீடு, டேகெயார், பார்க் எதுவும் சரி. அக்காவின் பிளேட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

மாமியாருக்கு விளங்கப்படுத்துவது தனி வேலை. "நாங்களெல்லாம் கோதுமை தின்றுதானே வளர்ந்தோம்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை, நூறில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது ஒன்றும் செய்யாது. நெதர்லாந்தில் டிக்கே என்ற சிறுவர் மருத்துவருக்குக் கோதுமை மேல் முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் கிடைக்காமல் போனபோது சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள், பாண் திரும்பி வந்ததும் விழுந்தார்கள். ஊரே பட்டினி கிடக்க இந்தப் பிள்ளைகள் மட்டும் நிறை ஏறினார்கள் என்று கதையாகச் சொன்னால் எந்த மாமியாருக்கும் மனதில் நிற்கும். "ஒரு துண்டுதானே" என்ற பேச்சுக்கு மட்டும் கணக்கு வேண்டும். சீலியாக் உள்ள பெரும்பாலானோருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைவான குளூட்டன் தாங்கும் என்று கருதப்படுகிறது. ஒரு துண்டுப் பாணில் இருப்பது 2 கிராமுக்கு மேல். அதாவது அந்தத் துண்டை இருநூறாகப் பிய்த்தால் அதில் ஒன்றுதான் எல்லை. இது அலர்ஜி இல்லை, உடனே தடிப்போ மூச்சுத்திணறலோ வராது. ஒன்றும் நடக்கவில்லையே என்று தோன்றும், குடலோ உள்ளே சேதமாகிக்கொண்டிருக்கும்.

சரி, உறுதியான பிறகு யார் யார் மாறுவது? என் அபிப்பிராயம் இது: அடுப்படி முழுக்க மாறட்டும், ஆட்கள் எல்லாரும் மாறத் தேவையில்லை. நோய் இல்லாதவருக்குக் குளூட்டனை விடுவதால் ஒரு நன்மையும் இல்லை. கணவர் வேலைக்குப் போகிற இடத்தில் கொத்து ரொட்டி சாப்பிடட்டும், நீங்கள் வெளியில் ஒரு மாலுபாண் சாப்பிடுங்கள். கோதுமை மா பக்கெட் மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது. கொழும்புத் தொடர்மாடி வீடுகளின் குசினி எவ்வளவு சின்னது என்று உங்களுக்கே தெரியும். ஒரே மேசையில் ஒரு பக்கம் ரொட்டி குழைத்து மறுபக்கம் பிள்ளைக்குத் தனியாகச் சமைப்பது நடக்காத காரியம். காற்றில் பறக்கிற மாவே போதும். இரண்டு சமையல் என்று தொடங்கிய குடும்பங்கள் களைத்துப்போய்க் கடைசியில் ஒரு சமையலுக்குத்தான் வருகின்றன.

இனித்தான் முக்கியமான பகுதி. பாண், பணிஸ், ரோல்ஸ், பற்றிஸ், பரோட்டா, நூடில்ஸ், கிரீம் கிராக்கர், ரவை, சேமியா, ஆட்டா மா எல்லாம் கோதுமை என்பது ஊருக்கே தெரியும். தெரிந்ததால் அவை நின்றுவிடும். நம் வீடுகளில் பிள்ளையைத் தொடர்ந்து வருத்துவது அரிசிச் சாப்பாட்டுக்குள் ஒளிந்திருக்கிற கோதுமை. யாழ்ப்பாணத்தார் வீட்டுப் பிட்டை எடுங்கள். அரிசிமாவோடு அவித்த கோதுமை மாவும் பாதிக்குப் பாதி இருக்கும், சில வீடுகளில் முழுக்கவே கோதுமை. மாவைத் துணியில் கட்டி நீராவியில் அவித்து, சூட்டோடு கட்டி உடைத்து அரிதட்டில் அரித்து ரின்னில் போட்டு வைப்போமே, அந்த மாதான். அவித்துவிட்டால் கோதுமையின் குணம் போய்விடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். அவித்த மா இழுபடாது என்பது உண்மை, அதனால்தான் பிட்டு உதிரியாக வருகிறது. வெப்பத்தில் குளூட்டன் உறைந்து இழுக்கும் தன்மையை இழக்கிறது, அவ்வளவுதான். பிள்ளையின் குடலுக்குத் தீங்கு செய்கிற புரதம் அப்படியே இருக்கிறது. அவித்தாலும் பொரித்தாலும் புளிக்க வைத்தாலும் அது போகாது.

தோசையும் அப்படித்தான். இந்தியச் சமையல் குறிப்பில் தோசை என்றால் அரிசியும் உளுந்தும். எங்கள் ஊர்த் தோசையில் உளுந்தோடு கோதுமை மா கரைத்து ஊற்றுகிறவர்கள் எத்தனையோ பேர். கொழுக்கட்டை மாவு வெடிக்காமல் இருக்க ஒரு பங்கு அவித்த மா சேர்ப்பார்கள். முறுக்கிலும் அதே மா. பயத்தம் பணியாரத்தின் மேல்மாவிலும் பருத்தித்துறை வடையிலும் கோதுமை உண்டு. கடை அப்பத்தில் அரிசிமாவோடு கோதுமை மா கலப்பது சாதாரணம், புளிக்க வைக்கப் பாண் துண்டை ஊறப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கடை இடியப்பம் வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். சிவப்பு இடியப்பம் என்பதற்காக நம்பிவிடவும் வேண்டாம். கடைக் குரக்கன் ரொட்டியில் குரக்கனைவிடக் கோதுமை கூடவாக இருக்கும்.

அப்புறம் பெருங்காயம். இதைச் சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. கடையில் கிடைக்கிற பெருங்காயத்தூள் சுத்தமான பிசின் இல்லை, மா கலந்து செய்த கூட்டுப் பெருங்காயம். பெரும்பாலும் அந்த மா கோதுமை. சாம்பார், ரசம், வடை என்று தினமும் ஒரு சிட்டிகை போய்க்கொண்டே இருக்கும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அரிசிமா கலந்த வகைகளும் கிடைக்கின்றன. கிடைக்காவிட்டால் உள்ளியும் மிளகும் போதும், ரசம் ஒன்றும் கெட்டுப்போகாது.

குடிக்கிற சாமான்களில் மோல்ட் என்றால் பார்லி, பார்லியிலும் குளூட்டன் இருக்கிறது. மைலோ, நெஸ்டமோல்ட், ஹோர்லிக்ஸ் மூன்றும் நிற்க வேண்டும். பிள்ளை நிறை ஏறவில்லையே என்று இவற்றை இரண்டு வேளையும் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன், பாவம். பாணில் பூசுகிற மார்மைட்டிலும் பார்லி உண்டு. கோன் ஃபிளேக்ஸ் சோளம்தான் என்றாலும் பலவற்றில் மோல்ட் சுவை சேர்த்திருப்பார்கள். சோய் சோஸ் கோதுமையும் சோயாவும் சேர்த்துச் செய்வது, ஆகவே ஃபிரைட் ரைஸும் டெவில்ட் வகைகளும் கடையில் வேண்டாம். சோயா மீட் பக்கெட்டை வாசித்துப் பார்த்தே வாங்குங்கள். ஓட்ஸில் கோதுமை கலந்து வருவது வழமை, முதல் வருடம் தொடாமல் இருப்பது நல்லது.

இப்போது அடுப்படி. தேய்த்துக் கழுவக்கூடிய சில்வர், கண்ணாடி, எனாமல் சாமான்கள் எல்லாம் இருக்கட்டும். மாற்ற வேண்டியது நுண்ணிய துளையும் நாரும் உள்ளவை: அரிதட்டு, சுளகு, நீத்துப்பெட்டி, மரத்தில் செய்த இடியப்ப உரல், மர அகப்பை, ரொட்டிப் பலகை, பாண் டோஸ்டர். பழைய நீத்துப்பெட்டியின் அடியைத் தட்டிப் பாருங்கள், ஓலைப் பின்னலுக்குள் இருந்து காய்ந்த மா விழும். எத்தனை தரம் கழுவினாலும் அது போகாது. கோதுமை ரொட்டி சுட்ட இரும்புத் தோசைக்கல்லை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள். வடை, ரோல்ஸ் பொரித்த எண்ணெயைத் திரும்பப் பாவிக்க வேண்டாம். சின்னவன் விளையாடுகிற பிளே டோவும் கோதுமை மாவில் செய்தது, அக்கா அதைத் தொட்ட கையை வாயில் வைப்பாள். அரிசிமாவும் உப்பும் தண்ணீரும் சேர்த்துக் கிண்டி வீட்டிலேயே செய்து கொடுக்கலாம்.

மாவை எங்கே திரிப்பது என்பதும் பெரிய கேள்வி. மில்லில் எங்களுக்கு முன்னால் ஆட்டா திரித்திருந்தால் எங்கள் அரிசிமாவின் முதல் கிலோவில் அது வந்துவிடும். மிளகாய்த்தூளுக்கும் இதே கதை. மெஷினைக் கழுவித் தாருங்கள் என்று கேட்டால் தலையாட்டுவார்கள், செய்யமாட்டார்கள். என்னைக் கேட்டால் இறக்குமதி மா பக்கெட்டுகளுக்குக் கொட்டுகிற காசில் நல்ல மிக்ஸி ஒன்று வாங்குங்கள். சிவப்புப் பச்சையரிசியைக் களைந்து இரண்டு மூன்று மணித்தியாலம் ஊறவைத்து, வடியவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, புது அரிதட்டில் அரித்து, மிதமான தணலில் வறுத்து வைத்தால் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அதுவே மா. குரக்கனையும் தானியமாக வாங்கிக் கழுவிக் காயவைத்துத் திரியுங்கள். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு, குடல் ஆறுகிற காலத்தில் பிள்ளைக்கு அது தேவை. பயறு, உளுந்து, சாமை, தினை, மரவள்ளி, சோளம், ஒடியல் மா எல்லாம் சுத்தமாக இருந்தால் பயமில்லை.

கோதுமை சேராத பிட்டு ஆறியதும் கல்லாகிவிடும் என்பது நியாயமான முறைப்பாடு. பதத்தில்தான் விஷயம் இருக்கிறது. வறுத்த அரிசிமாவில் உப்புப் போட்டு, கொதித்து இறக்கின தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து அகப்பைக் காம்பால் கிண்டுங்கள். கை பொறுக்கிற சூட்டில் விரலால் உதிர்த்துப் பேணி விளிம்பால் கொத்துங்கள். பயறளவு மணியாக வந்ததும் வழமையைவிடக் கூடவாகத் தேங்காய்ப்பூப் போட்டு அவித்து, இறக்கின கையோடு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பால் தெளித்து மூடிவையுங்கள். சாப்பாட்டுப் பெட்டியில் வைத்தாலும் இடைவேளை வரை மெதுவாக இருக்கும். ரொட்டிக்குக் குரக்கன் மாவும் அரிசிமாவும் பாதிக்குப் பாதி, தேங்காய்ப்பூ, உப்பு, அவித்து மசித்த மரவள்ளி ஒரு பிடி. கொதிதண்ணீரில் குழைத்து வாழையிலையில் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து, கொஞ்சம் வெந்ததும் இலையை உரித்தால் உடையாது. தோசைக்கு உளுந்து ஒன்றுக்கு அரிசி மூன்று, வெந்தயம். தாளிதத்தை எங்கள் வழக்கப்படி செத்தல் மிளகாய், வெங்காயம், சீரகம் என்று போட்டுவிட்டால் மாமியாருக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

பாணுக்கு மாற்று என்ன என்று கேட்டால், தேட வேண்டாம் என்பேன். கோதுமை இந்தத் தீவில் விளைவதே இல்லை, கப்பலில் வந்து இறங்கித் திருகோணமலைச் சீனன்குடாவிலும் கொழும்பிலும் மாவாகிறது. பாண் இல்லாமல் காலைச் சாப்பாடு சமைக்க இங்கே வழி நிறைய இருக்கிறது. இறக்குமதியாகும் குளூட்டன் இல்லாத பாண் விலையும் அதிகம், கைபட்டால் உதிரும், நார்ச்சத்தும் குறைவு. ஒரு பக்கெட் பாஸ்டாவோ பிஸ்கட்டோ பயணத்துக்கும் அவசரத்துக்கும் வீட்டில் இருக்கட்டும். 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. வெறுமனே 'கோதுமை சேர்க்கவில்லை' என்ற வசனத்தை நம்பாதீர்கள், பார்லி இருக்கலாம்.

வெளியில் சாப்பிடும்போது "இதில் கோதுமை மா இருக்கா?" என்று கேட்டால் எங்கள் கடைக்காரர்கள் வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்த "இல்லை" என்றுதான் சொல்வார்கள். "என்ன மா போடுறீங்கள்?" என்று கேளுங்கள், உண்மை வரும். சிங்களக் கடையில் கோதுமை மாவைப் பாண் பிட்டி என்றும் அரிசிமாவை ஹால் பிட்டி என்றும் சொல்வார்கள், அந்தச் சொல்லிலேயே கேளுங்கள். காலிமுகத்திடல் இறால் வடை வேண்டாம், மாவிலும் எண்ணெயிலும் கோதுமை இருக்கும். உளுந்து வடை, பப்படம் போன்றவையும் ரோல்ஸ் பொரிக்கிற அதே எண்ணெயில் வருமானால் விட்டுவிடுங்கள். ஓரளவு பாதுகாப்பானது வெள்ளைச் சோறு, பருப்பு, மரக்கறி, அவித்த முட்டை. கட்லட் வைத்த சோற்றுப் பார்சல் சரிவராது, மேலே ரஸ்க் தூள் பிரட்டியிருப்பார்கள்.

பாடசாலைக்கு வகுப்பு ஆசிரியையிடம் ஒரு கடிதம் கொடுங்கள், வைத்தியரின் துண்டையும் இணையுங்கள். "வேறு பிள்ளையின் பெட்டியில் இருந்து சாப்பிடக்கூடாது" என்ற ஒரு வரி போதும், நோயைப் பற்றிப் பாடம் வேண்டாம். மகளுக்கு ஐந்து வயது, "கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவேன்" என்று அவளே சொல்லப் பழக்கலாம். பிறந்தநாள் வீடுகளுக்குப் போகும்போது அவளுடைய பங்கைக் கொண்டுபோங்கள். உங்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கு வட்டிலப்பம் செய்யுங்கள்: கித்துள் கருப்பட்டி, முட்டை, தேங்காய்ப்பால், எல்லாரும் விரும்பிச் சாப்பிடுவார்கள். லவ் கேக் பக்கம் போகாதீர்கள், அது ரவையில் செய்வது. கோயிலில் பொங்கலும் கடலையும் வாங்கலாம், கேசரி வேண்டாம், மோதகத்தை விசாரித்து வாங்குங்கள். உங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம், ஆனால் கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெற்றோர் அடிக்கடி கேட்பதால் சொல்கிறேன்: பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பம் கோதுமையில்தான் இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்கு அனுமதி உண்டு, திராட்சை இரசம் மட்டும் பெறவும் முடியும். வத்திக்கான் இதை 2003இலும் 2017இலும் எழுத்தில் சொல்லியிருக்கிறது. பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல் நன்மைக்கு முன்பே பங்குத்தந்தையோடு பேசிவிட்டால் அந்தரப்பட வேண்டியதில்லை.

சத்துப் பற்றி இரண்டு விஷயம். மூன்று வேளையும் வெள்ளை அரிசியாகவே போனால் நார்ச்சத்தும் இரும்பும் குறையும், அதனால் குரக்கன், பயறு, கடலை, கீரை, முட்டை, மீன் மாறிமாறி வரட்டும். அரிசியில் இயல்பாக உள்ள ஆர்சனிக்கைக் குறைக்க, நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சி வடிக்கிற பழைய முறை நல்லது. முதல் சில வாரம் பால்மா குடித்தால் வயிறு பொருமலாம். குடல் சேதமாகியிருக்கும்போது பால்ச்சீனி செரிக்காது, பிறகு தானாகச் சரியாகும். அதுவரை தயிர் கொடுத்துப் பாருங்கள்.

நிபுணரிடம் இரும்பு, விற்றமின் டி, தைரொயிட் அளவுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாடு மாறிச் சில வாரங்களில் பசியும் முகமும் மாறுவது தெரியும். இரத்தத்தில் பிறபொருளெதிரி அளவு இறங்குவதற்கு மாதங்கள் எடுக்கும், முழுதாக வழமைக்கு வர ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். ஆறு மாதத்தில் எடுக்கிற பரிசோதனையில் அளவு கொஞ்சமும் இறங்கவில்லை என்றால் எங்கோ இருந்து கோதுமை வந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூள், பெருங்காயம், வெளியே வாங்குகிற இடியப்பம், மாமியார் தன் கையால் ஊட்டுகிற வேளைகள், இந்த ஒழுங்கில் தேடுங்கள்.